எட்டாவது வீட்டு பாய்லர்

ஒரு சொட்டு. அப்புறம் ஒண்ணுமில்லை. சரி எந்திரிக்கலாம்னு முழங்காலைப் புடிச்ச நேரத்துல இன்னொரு சொட்டு. அட கெரகமே. பாய்லர் குழாய்ல இருந்து வடியுதோன்னு திருகிப் பார்த்தேன், குழாய் நல்லா இறுக்கமாத்தான் இருக்குது. அதுக்கு நாலு விரக்கடை தள்ளி, அடிப்பக்கம், தகடும் தகடும் சேர்ற ஓரத்துல ஒரு புள்ளி. கடுகுல பாதி கூட இருக்காது. அங்கிருந்துதான் வருது. யோசிக்கறதுக்கு முன்னாடியே என் கட்டைவிரல் போய் அது மேல உக்காந்துருச்சு. முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டுன கை இது, எங்க ஒழுகினாலும் மொதல்ல விரலை வெச்சுத்தான் பார்க்கும், வாயைத் தொறக்கறதெல்லாம் அப்புறம். வாயும் தொறந்துருச்சுங்க. 'மயிலு, இங்க வந்து பாரு'ன்னு வீட்டுக்காரியைக் கூப்பிடறதுக்கு மூச்சு இழுத்தாச்சு. வாங்கறதுக்குப் பார்த்த ஏழு வீட்டுல இதே மாதிரி கூப்பிட்டிருக்கேன். மொதல் வீட்டுல வாசல் நிலை மரத்துல கரையான், அதை நகத்துல சுரண்டிக் காட்டினேன். அப்புறம் ஒண்ணுல கோலிக்குண்டு உருட்டி விட்டேன், குண்டு தானா நடந்து சமையக்கட்டுக்குப் போயிருச்சு, தரை வாட்டம் சரியில்லைன்னு வெளியே வந்துட்டோம். கூப்பிடறப்ப உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் இருக்கும், குத்தம் கண்டுபுடிச்சவனோட சந்தோஷம், அதை வெளியே சொல்லிக்க முடியாது, ஆனா இருந்துச்சு. இப்பவும் அது வந்துச்சு. சரியா அந்த நேரம் பார்த்து ஹால்ல மயிலு சிரிச்சா.

நான் மூச்சை அப்படியே வெச்சுக்கிட்டேன். அவ சிரிச்சு எத்தனை நாளாச்சு. எஸ்தர் டீச்சர் என்னவோ சொல்றாங்க, ஜன்னலோரத்துல சாமந்தித் தொட்டி வெச்சா குரங்கு வந்து பூவைக் கிள்ளித் தலைல வெச்சுக்கும்னோ என்னவோ, இவ சிரிக்கறா. ரெண்டு பேரும் இந்நேரம் மூணாவது டீயும் குடிச்சிருப்பாங்க. டீச்சர் இந்த வீட்டுல இருபத்தேழு வருஷம் இருந்தவங்க, ரிட்டயர் ஆகி, இப்ப வீட்டை வித்துட்டு ஓசூர்ல மகன் வீட்டுக்குப் போறாங்க. இன்னைக்கு வெத்தலை பாக்கு மாத்தி பேச்சை முடிக்கறதுன்னு இருக்குது. முடிக்கலைன்னா கோயமுத்தூர்ல இருந்து ஒரு பார்ட்டி தயாரா இருக்குது, நாளைக்கே வந்துருவாங்க. நான்தான் 'கடைசியா ஒரு சுத்துப் பார்த்துட்டு வந்தர்றனுங்க டீச்சர்'னு எந்திரிச்சு வந்தேன். டிப்போல வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி டயரைத் தட்டிப் பார்த்து, குனிஞ்சு அடியில எண்ணெய் சொட்டுதான்னு பார்த்து, அப்புறந்தான் ஏறுவேன். எத்தனை பேரு கேலி பண்ணியிருக்கான். பண்ணட்டும். காலைல வந்ததும் டீச்சர்கிட்ட, 'அந்த வெந்நீர் பாய்லரைப் பத்த வெச்சுக் காட்டுங்க, ஓட்டிப் பார்க்காம நான் எந்த வண்டியும் எடுத்ததில்லை'ன்னு சொன்னேன். மயிலு உடனே, 'எதுக்குங்க, பாவம் அவங்களுக்கு வேலை, பரவாயில்லைங்க'ன்னா. நான் கேக்கலை. டீச்சர் கொஞ்சம் முன்னாடிதான் நாலு கற்பூரமரக் கட்டையைச் சீவி நடுக்குழாய்க்குள்ள போட்டு, ஒரு காயிதத்தைக் கொளுத்தி விட்டாங்க. செம்பு பாய்லர். இடுப்பு உசரம். மேல புனல்ல ஒரு சொம்பு பச்சைத்தண்ணி ஊத்துனா கீழ குழாய்ல ஒரு சொம்பு வெந்நீர் வரும். டீச்சர் அதை வெளக்கி வெளக்கி வெச்சிருக்காங்க, என் மூஞ்சி தெரியுது அதுல, மூக்கு மட்டும் பெருசா, வாய் தொறந்தபடிக்கு. மூடு வாயை சென்னியப்பா.

இப்ப என்ன பண்றது. விரலை எடுத்தா சொட்டும். சொட்டுனா சொட்டட்டுமே, மிஞ்சிப் போனா ஒரு டம்ளர் தண்ணி போகும். இல்லை, அது இல்லை விஷயம். ஏழாவது வீடு. கட்டபெட்டுக்குப் பக்கத்துல அந்த ஓட்டு வீடு. அங்க மயிலு அடுப்பு எங்க வைக்கறது, அரிசி டின் எங்க வைக்கறதுன்னு கூட முடிவு பண்ணிட்டா. நான் அட்டாலிப் பரண் மேல ஏறி, ஓட்டுல ஒரு ஈரத்தைப் பார்த்து, கூப்பிட்டேன். அவ மெதுவா, 'ஓடு மாத்திக்கலாமுங்களே'ன்னா. அதுக்கு நான் வீட்டுக்காரன் முன்னாடியே, 'ஒரு சொட்டு ஒழுகினாலும் அந்த வீட்டுப் பேச்சே வேண்டாம், இனி எந்த வீடா இருந்தாலும் இதுதான்'னு கத்துனேன். கத்தியிருக்க வேண்டியதில்லை. வர்ற வழி பூரா அவ பஸ்ல ஜன்னல் பக்கமாத் திரும்பிட்டு வந்தா. மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. சளின்னு நினைச்சுக்கிட்டேன். சளியாம். எனக்குத் தெரியாதா அது சளியா என்னன்னு. நேத்து சாயங்காலம் வெத்தலையைத் தொடைச்சு அடுக்கிட்டே சொன்னா, 'இதுவும் உங்களுக்குப் புடிக்கலைன்னா திருப்பூருக்கே போயர்லாமுங்க. கோகிலா வீட்டு மாடில ஒரு ரூமு இருக்குது. இனி நான் வீடு பார்க்க வரலைங்க.' கோபமாச் சொல்லலை. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு கத்து கத்தியிருப்பேன். கோகிலா நல்ல புள்ளைதான், எங்க மக, தங்கமா வெச்சுப்பா. ஆனா மாடி ரூமுல மயிலு என்ன பண்ணுவா? மகளைக் கேட்டுத்தான் அடுப்புப் பத்த வைக்கணும். கேட்டுத்தான் குளிக்கணும்.

தண்ணி இப்பத்தான் வெதுவெதுன்னு ஆகுது. விரலுக்கு இதமாத்தான் இருக்குது. கோத்தகிரிக் குளிருக்கு இந்த சூடு ஒரு வரம். வரம்னு நான் சொல்லிக்கறேன், எனக்கென்ன, நாப்பத்தியொரு வருஷமா நான் வெந்நீர்லதான் தண்ணி வார்த்துக்கறேன். எனக்கு மொத பஸ், நாலு நாப்பது. மூணரைக்கு அவ எந்திரிச்சு, வெளியே, நாங்க குடியிருக்கற லைன் வீட்டுப் பொது அடுப்புல தவலையை வெச்சு, ஊதி ஊதிக் கொதிக்க வெச்சு, ரெண்டு கையிலயும் துணியைச் சுத்திட்டு அதைத் தூக்கிட்டு வந்து பாத்ரூம்ல வெச்சுட்டு, 'ஏனுங்க, தண்ணி ஆயிருச்சுங்க'ன்னு எழுப்புவா. ஒரு நாள் வழுக்கி இடது காலு மேல கொட்டிக்கிட்டா. நான் அன்னைக்கும் டியூட்டிக்குப் போனேன். மொத பஸ்ஸை விட முடியுமா, சந்தைக்குப் போறவங்க, தேயிலைக்குப் போறவங்கன்னு நியாயம் சொல்லிட்டுப் போனேன். போறதுக்கு முன்னாடி குளிச்சேனா? குளிச்சேன். கொட்டினது போக மிச்சம் இருந்த தண்ணில. இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்லை. அந்தத் தழும்பு இன்னும் அவ பாதத்துல பளபளன்னு இருக்குது, மெட்டி போட்ட விரலுக்கு மேல. அவ வெந்நீர்ல குளிச்சு நான் பார்த்திருக்கேனா? இப்ப யோசிச்சுப் பார்க்கறேன். ஒரு தடவையாவது. கோகிலா பொறந்தப்ப, சரி, அது அவங்கம்மா வீட்டுல. இங்க? தலைல துண்டைக் கட்டிட்டு, ஆவி பறக்க வெளியே வந்து நின்னிருக்காளா? எனக்கு ஞாபகம் வரலை. வராது, நடந்தாத்தான வரும். போன மார்கழில விரலெல்லாம் மடங்கி நிமிர மாட்டேங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த டாக்டரம்மா, 'பச்சைத்தண்ணியே புழங்கக் கூடாது, நீங்க எதுல குளிக்கறீங்க'ன்னு கேட்டாங்க. இவ என்னைப் பார்க்காம, 'பச்சைத்தண்ணிலதாங்க, பழகிருச்சுங்க'ன்னா. நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தவனுக்கு ஒரு டாக்டரம்மா கேட்டுத்தான் தெரிய வேண்டியிருக்குது. ஏன்டி சொல்லலைன்னு பஸ் ஸ்டாண்டுல வெச்சுக் கேட்டேன். 'ரெண்டு தவலை தூக்கறதுக்கு ஆகாதுங்க'ன்னா. அவ்வளவுதான். ஹீட்டர் மாட்டலாம்னா லைன் வீட்டு ஓனரு ஒத்துக்கலை, ஒரே மீட்டருங்கறான். அன்னைக்குத்தான் நான் வீடு தேட ஆரம்பிச்சேன். அவளுக்குன்னு ஆரம்பிச்சு, ஏழு வீட்டை நானே தள்ளி விட்டேன். என்ன மனுசன்டா நீ.

எட்டாவது வீடு இது. போன வியாழக்கிழமை மொதல் தடவை வந்தப்ப, நான் பின்னாடி சுவத்தைத் தட்டிட்டு இருந்தேன். திரும்பி வந்தா மயிலு இந்த பாத்ரூம்ல தனியா நின்னுட்டு, இந்த பாய்லர் மேல உள்ளங்கையை வெச்சிட்டிருந்தா. பத்த வைக்காத பாய்லர், சில்லுனுதான் இருந்திருக்கும். இருந்தும் எடுக்கலை. என்னைப் பார்த்ததும் வெடுக்குனு எடுத்துட்டு, தூசி இருக்குதான்னு பார்த்தனுங்கன்னா. தூசியாம், டீச்சர் வீட்டுல. அவளுக்குச் சளி வந்தாலும் பொய் வராது, முகத்துல தெரிஞ்சிரும். இப்ப தண்ணி நல்லாவே சூடாகுது. விரலைக் கொஞ்சம் அசைச்சு வெச்சுக்கறேன். முழங்கால் மரத்துப் போச்சு. அறுபத்தி மூணு வயசுல குத்த வெச்சு உக்காந்து ஓட்டைக்கு விரல் குடுக்கற ஆளு. சரி, வாங்கிட்டோம்னே வெச்சுக்க. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னா? இந்தச் சரிவுல, மழைல, மயிலு தனியா விறகு எடுத்து, பத்த வெச்சு, நெருப்பு பக்கத்துல அந்த மடங்குன விரலோட. கரண்டு போன அன்னைக்கு வழுக்கி விழுந்தா யாரு வருவா? நான் மொதல்ல போயிட்டா அவ வெந்நீர் போட மாட்டா. எனக்குத் தெரியும். ஒருத்திக்கு எதுக்குங்கன்னு மறுபடியும் பச்சைத்தண்ணிலயே ஊத்திக்குவா. அதுக்காக நான் சாகாம இருக்க முடியுமா? முடிஞ்சவரைக்கும் இருக்கணும். பீடியை விட்டாச்சு. சக்கரையும் நாலு மாசமா ஒழுங்காத்தான் இருக்குது. அவளுக்கு முன்னாடி நான் போகவும் கூடாது, நான் இருக்கறப்ப அவ போகவும் கூடாது, இது என்ன கணக்குன்னு தெரியலை, ஆனா எனக்கு இப்படித்தான் வேணும்.

என்னது இது, விரல் வழுக்குது. தண்ணிதான் வழுக்குதுன்னு அழுத்தினேன், அழுத்த அழுத்த வழுக்குது. எடுத்துப் பார்த்தேன். கொழகொழன்னு பச்சையா என்னவோ. சோப்பு! அடப்பாவத்தே. ஓட்டைல சோப்பை அப்பி வெச்சிருக்காங்க! சூடு ஏறுனதும் இளகி வந்துருச்சு. மறுபடியும் விரலை வெச்சு அடைச்சேன், காதெல்லாம் கொதிக்குது எனக்கு. பைபிள் வாசகத்தைச் சுவத்துல மாட்டிட்டு, டீ குடுத்துட்டு, முறுக்குக் குடுத்துட்டு, ஓட்டைக்கு சோப்பா டீச்சர்? சாமந்திக் கதையா சொல்றீங்க அங்க? இரு, வர்றேன். வெத்தலையும் வேண்டாம் பாக்கும் வேண்டாம். எந்திரிக்கப் போனவன், நின்னுட்டேன். சோப்பு. தண்ணி ஓட்டைக்கு சோப்பு. எந்த முட்டாளாவது தண்ணி ஓட்டைக்கு சோப்பு அப்புவானா? தண்ணி பட்டா சோப்பு கரையும். வெந்நீர் பட்டா நிமிஷத்துல கரையும். டீச்சர் முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவங்க. டீசலா இருந்தா சரி. டீசலுக்கு சோப்பு கரையாது, கல்லாட்ட நிக்கும். அது எனக்குத் தெரியும், டிப்போல எல்லாத்துக்கும் தெரியும். தொண்ணூத்தி ரெண்டோ மூணோ, ஐப்பசி மழை, மத்தியானம். மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்றேன், குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுல கல்லு உருண்டு வந்து டேங்குல அடிச்சுருச்சு, டீசல் நூலாட்ட ஊத்துது. கண்டக்டர் தங்கராசு பதறறான். வண்டில அம்பத்தி நாலு பேரு, குழந்தைங்க வேற. நான் எறங்கி, ஆருகிட்டயாச்சும் சோப்பு இருக்குதாங்கன்னு கேட்டேன். சந்தைக்குப் போயிட்டு வந்த ஒரு அம்மா கூடைல இருந்து துணிசோப்பு எடுத்துக் குடுத்துச்சு. அந்த அம்மா பேரு என்ன, இன்னைக்கு வரைக்கும் கேக்காம விட்டுட்டேன். பிசைஞ்சு அப்பினேன். கோத்தகிரி ஸ்டாண்டு வரைக்கும் ஒரு சொட்டு சிந்தலை. இந்தக் கதையை நான் எங்க சொல்லலை? கோகிலா கல்யாணத்துல சம்பந்தி கிட்டச் சொன்னேன். நோம்பி, விசேஷம்னு நாலு பேர் கூடுனாச் சொல்லுவேன். சமையக்கட்டுல இருந்து மயிலு குரல் வரும், 'சோப்புக் கதை ஆரம்பிச்சாச்சுங்களா'ன்னு.

நான் விரலை எடுக்கலை, குனிஞ்சு மோந்து பார்த்தேன். வேப்பிலை வாசம். டீச்சர் சோப்பு டப்பால இருக்கறது ரோஸ் கலரு, இதா என் கண்ணு முன்னாடிதான் இருக்குது. பச்சை வேப்பிலை சோப்பு, தேய்ஞ்ச துண்டு, சின்ன பிளாஸ்டிக் டப்பால போட்டு, கைப்பைக்குள்ள வெச்சுட்டு எங்க போனாலும் கொண்டு போறவ ஒருத்திதான். ஆஸ்பத்திரிக்கும் அதோடதான் வந்தா. காலைல வந்ததும் வராததுமா, 'பாத்ரூம் போயிட்டு வந்தர்றனுங்க'ன்னு இங்க வந்தவ கால் மணி நேரம் ஆளைக் காணோம். நான் ஹால்ல உக்காந்துட்டு, இவளுக்கு எங்க போனாலும் இதேன்னு மொணமொணத்தேன். அந்த நேரம் அவ இங்க, இப்ப நான் குத்த வெச்சிருக்கற இதே எடத்துல, குத்த வெச்சு, அந்த நிமிராத விரலால சோப்பைப் பிசைஞ்சு பிசைஞ்சு அடைச்சிருக்கா. பத்த வெச்சுக் காட்டுங்கன்னு நான் சொன்னப்ப, எதுக்குங்க பரவாயில்லைங்கன்னு அவ தடுத்தது இதுக்குத்தான். இப்ப ஹால்ல சிரிக்கறாளே, அது சிரிப்பா, நான் கூப்பிடப் போறேனேங்கற பயமா? மயிலு, மயிலு. என்கிட்ட இருந்து ஒரு ஓட்டையை மறைக்கற நிலைமைக்கு உன்னைக் கொண்டு வந்து விட்டுட்டனா நான்? நாப்பத்தியொரு வருஷத்துல நீ எனக்குத் தெரியாம பண்ணுன ஒரே காரியம், அதுவும் என் கதையை நம்பிப் பண்ணியிருக்கறே. நூறு தடவை கேட்டு, சலிச்சுக்கிட்ட மாதிரி காட்டிக்கிட்டு, எல்லாத்தையும் மனசுல வெச்சிருந்திருக்கறே. நான் உன் கதை எதை வெச்சிருக்கேன்? விரல் சுடுது. நல்லாவே சுடுது. கண்ணுல தண்ணி வருது, சூட்டுக்குத்தான்னு சொல்லிக்கலாம், நானும் சளின்னு சொல்லிக்கலாம். இப்படியே சோப்பை மறுபடியும் அமுத்தி வெச்சுட்டுப் போய், எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லிரலாமா? சொன்னா அவ ஆயுசுக்கும் அந்தப் பொய்யைத் தூக்கிட்டுத் திரிவா, தவலையைத் தூக்குன மாதிரி. வேண்டாம். கூப்பிடு. கூப்பிட்டுரு.

"மயிலு, இங்க வந்து பாரு."

ஹால்ல பேச்சு சட்டுனு நின்னுருச்சு. அவ நடந்து வர்ற சத்தம் கேக்குது, கொலுசு போடறதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு, இருந்தும் அந்த நடை எனக்குத் தெரியும். வாசப்படில வந்து நின்னா. முந்தானை நுனி கையில. என் மூஞ்சியைப் பார்க்கலை, நேரா என் கட்டைவிரலைத்தான் பார்த்தா, அது எந்த எடத்துல இருக்குதுன்னு.

"ஒழுகுதுங்களா?"

"ஒழுகுது."

"சரிங்க. அப்ப நான் டீச்சர்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டு, பையை எடுத்துட்டு வர்றனுங்க."

திரும்பிட்டா. நிஜமாவே திரும்பிட்டா. ஏழு தடவை பழகின திரும்பல். எனக்கு எங்க இருந்து குரல் வந்துச்சுன்னு தெரியலை.

"சோப்பு டீசலுக்குத்தான் நிக்கும் மயிலு. தண்ணிக்குக் கரைஞ்சிரும்."

அவ முதுகு அப்படியே நின்னுச்சு. மெதுவாத் திரும்புனா. அழுவான்னு நினைச்சேன், இல்லை தப்புத்தானுங்கன்னு சொல்லுவான்னு நினைச்சேன். சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன். அவ என்னை ஏற இறங்கப் பார்த்தா.

"முப்பது வருசமாச் சொல்றீங்க அந்தக் கதையை. அதை மட்டும் ஒரு தடவை கூடச் சொல்லலையே நீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. குத்த வெச்சபடிக்கே சிரிச்சேன், இடுப்பு புடிச்சுக்கிச்சு, சுவத்தைப் புடிச்சேன், விரல் நழுவிருச்சு. தண்ணி நூலாட்ட அவ பாதத்துக்குப் பக்கத்துல பீச்சுச்சு. அவ அதையெல்லாம் பார்க்கலை. என் கையைப் புடிச்சு, செவந்து வெளுத்துப் போன கட்டைவிரலை வாய்கிட்ட வெச்சு ஊதறா. "எவ்வளவு நேரமா வெச்சிருந்தீங்க? அறிவிருக்குதா உங்களுக்கு? கூப்பிட வேண்டியதுதான?"

"நீ சிரிச்சிட்டு இருந்தியே."

ஹால்ல இருந்து டீச்சர் குரல் குடுத்தாங்க. "அந்த அடி ஓட்டையா சார்? போன வாரமே அம்மாகிட்ட சொல்லிட்டேனே. சார்கிட்ட நீங்களே சொல்லுங்கன்னேன், நான் பார்த்துக்கறேன்னாங்க. மார்க்கெட்ல ஒருத்தர் ஈயம் வெச்சு நல்லா அடைச்சுத் தருவாரு."

மயிலு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் குழாயைத் திருகி சொம்புல வெந்நீர் புடிச்சேன், தொட்டித் தண்ணி கொஞ்சம் கலந்தேன், என் கையில ஊத்திப் பார்த்தேன். இதைப் பதம் பார்க்கறது எப்படின்னு எனக்குத் தெரியவே தெரியாது, நாப்பத்தியொரு வருஷமும் பதம் பார்த்து வெச்ச தண்ணிதான் எனக்கு வந்துச்சு.

"கையை நீட்டு."

"மொதல்ல நீங்க கழுவுங்க. சோப்பா இருக்குது."

"நீட்டுன்னா நீட்டு."

நீட்டுனா. ஊத்துனேன். மடங்கிக் கிடந்த விரல் ஒவ்வொண்ணா, ரொம்ப மெதுவா, விரியுது. அவ கண்ணை மூடிக்கிட்டா. சூடு சரியா இருக்குதான்னு கேட்டேன். ஆமான்னு தலையை ஆட்டினா. ரெண்டாவது சொம்பு புடிச்சேன். அந்தப் பக்கம் ஓட்டைல இருந்து தண்ணி பாட்டுக்கு ஓடிட்டு இருக்குது, ஓடட்டும்.

"டீச்சர்," நான் ஹாலைப் பார்த்து சத்தமாச் சொன்னேன், "வெத்தலைத் தட்டை எடுத்து வைங்க. இவ கை கழுவிட்டு வந்தர்றா. கொஞ்சம் நேரம் ஆகும்."